திரைக்குக் கீழே ஒரு வரி

என் அக்கா வீட்டுக்காரரைப் பழிவாங்க எனக்கு எட்டு வருஷம் பிடித்தது. அதில் ஏழு வருஷம் எப்படிச் செய்வது என்று யோசிப்பதிலேயே போய்விட்டது. கடைசி வருஷத்தில்தான் அதற்குத் தோதான பொருள் ஒன்று கைக்கு வந்தது. வாங்கிய அன்றே தெருமுனை மளிகைக் கடைத் தராசில் அதை வைத்துப் பார்த்தேன். எதிர்த்தட்டில் ஒரு கிலோ படிக்கல்லை வைத்ததும் என் பக்கத்துத் தட்டு மேலே போனது. கடைக்காரர், "இன்னா, கொழந்தைக்கு வாங்கினதா?" என்றார். லேப்டாப் என்று சொன்னேன். நம்பவில்லை.

முதலில் பகை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் லேப்டாப்பைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வெறும் சாமான் பேச்சாகிவிடும்.

எண்பத்தொன்பதில், ஒன்பதாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்பு வராமல் இல்லை. பயம் விடவில்லை. பரீட்சையில் முதல் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு அது சரியா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் மணி அடித்துவிடும். மற்ற பக்கங்கள் வெற்றாகவே போகும். அப்பா இரண்டு வருஷம் பார்த்துவிட்டு என்னை ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே நான் பிழைத்துக்கொண்டேன். மாஸ்டர் விசைகளின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு அடிக்கச் சொல்லுவார். கண்ணால் பார்த்தால்தானே எனக்குச் சந்தேகம் வரும்? பார்க்காமல் அடித்தால் பிழை வராது. மாஸ்டரே ஆச்சரியப்பட்டார்.

என் அக்கா வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பெரிய கோயிலுக்கு வடக்கே ஒரு சந்தில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு கம்ப்யூட்டர் வாங்கியதும் என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். அந்தத் தொழிலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சாமி பெயர், பெண் மாப்பிள்ளை பெயர், நாள், மண்டபம் இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. அடியில் வருகிற சொந்தக்காரர் பட்டியல்தான் பத்திரிகை. பெரியப்பா பெயர் முதலில் வந்ததா, இறந்துபோனவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு போட்டாயிற்றா, எல்லாவற்றுக்கும் மேலே, தாய்மாமன் பெயர் தனி வரியில் எடுப்பாக வந்ததா. ஒரு பெரியப்பா பெயர் கீழே போனால் நாலு நாள் பேசமாட்டார். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

இது தெரிந்ததால் எனக்குத் தூக்கம் வராது. அச்சுக்குப் போகிற முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்பேன். பெரிய மாமா, சின்ன மாமா ரெண்டு பேர்தானே, மூணாவது ஆள் யாரும் இல்லையே என்று. அவர்களுக்கும் சந்தேகம் வந்துவிடும். திரும்பக் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளுவார்கள். ஒருநாள் ஒரு குடும்பம் இப்படி வந்து, உள்ளுக்குள் சண்டை முற்றி, பத்திரிகையே வேண்டாம் என்று எழுந்து போனது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அக்கா வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "எட்டாங்கிளாஸு, வர்றவனுக்கெல்லாம் பயத்தக் கத்துக் குடுக்கறியா நீ? நாளையிலருந்து வராத" என்றார். நானும் போகவில்லை.

அதுகூட எனக்குப் பெரிதில்லை. கடை அவருடையது. இரண்டு மாசம் கழித்து அக்கா மகள் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பத்திரிகை வந்தது. அக்கா கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் ஒரே தாய்மாமன். அவளை உட்கார வைக்க ஓலைக் குச்சு கட்ட வேண்டியவன் நான், சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு போக வேண்டியவன் நான். பத்திரிகையில் என் பெயர் இல்லை.

பிழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவரிடமே போய்க் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "எடம் பத்தல மச்சான்."

பத்திரிகையைத் திரும்பப் பார்த்தேன். அடி ஓரத்தில் அவருடைய கடைப் பெயரும் போன் நம்பருமாகச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. எல்லாப் பத்திரிகைக் கடையும் போட்டுக்கொள்கிற வரிதான். அதற்கு இடம் இருந்தது.

சீர்த்தட்டை நான் தூக்கிக்கொண்டு போனேன். அக்காவுக்காக. ஊர்வலத்தில் வந்த பெண்கள் பத்திரிகையை விசிறியாக ஆட்டிக்கொண்டே வந்தார்கள். ஒரு கிழவி, "தாய்மாமன் பேரு போடலியா? ஏன், பேச்சுவார்த்த இல்லியா?" என்று என் காதுபடக் கேட்டாள். அந்த நிமிஷம் முடிவு பண்ணினேன். இந்த ஆளை விடக் கூடாது.

முடிவு பண்ணுவது சுலபம். நான் பயந்தாங்கொள்ளி. அவருடைய கடைக்கு எதிரே கடை போடலாமா என்று ஒரு வருஷம் யோசித்தேன். ஓடாவிட்டால் சிரிப்பாரே என்று இன்னொரு வருஷம். அக்கா அழுவாளே என்று மூன்றாவது வருஷம். அதற்குள் வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு லாட்ஜுகளுக்கு ரசீதுப் புத்தகம், சாப்பாட்டுக் கடைகளுக்கு மெனு அட்டை என்று அடித்துக் கொடுத்துப் பிழைப்பை ஓட்டினேன். பேருக்கு ஒரு கடைப் பெயரும் வைத்துக்கொண்டேன். பெயர்ப்பலகை மாட்டவில்லை.

அப்படி ஒரு மெனு அட்டையைக் கொடுக்கப் போன இடத்தில்தான் அந்தச் சாமானைப் பார்த்தேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து உட்கார்கிற காபிக் கடை. வயதான வெள்ளைக்காரி ஒருத்தி ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்த துணிப்பைக்குள் கையை விட்டு, நோட்டுப் புத்தகம் மாதிரி ஒன்றை எடுத்தாள். திறந்தால் கம்ப்யூட்டர். என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்தத் திரை. அரைமணி நேரம் தட்டிவிட்டு மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசலைத் தாண்டியதும் ஒரு குரங்கு குதித்துப் பையைப் பிடுங்கியது. வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு பையைச் சுவரிலிருந்து கீழே போட்டது. நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். அவள் திறந்து பார்த்தாள். ஓடியது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். விழுந்தும் ஓடுகிறது. தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். கடை வேண்டாம், வாடகை வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். பெண் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம். அவருடைய வாடிக்கை அவர் கடைப் படியையே மிதிக்காமல் பண்ணிவிடலாம்.

அவள் ஊருக்குத் திரும்புகிற சமயத்தில் என்னிடமே அதைக் கொடுத்துவிட்டுப் போனாள். விலையெல்லாம் அவள் கேட்டதுதான். எனக்குப் பேரம் பேசப் பயம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அதன் வண்டவாளம் தெரிந்தது. அதில் சிடி போட வழி இல்லை. தமிழ் எழுத்துருக்களை எல்லாம் பென்டிரைவில் போட்டு ஏற்ற வேண்டியிருந்தது. உள்ளே இடம் கொஞ்சம்தான். ஒரு கல்யாணத்தை ஏற்றினால் இன்னொரு கல்யாணத்தை அழிக்க வேண்டும். சார்ஜர் முள் நம் ஊர் பிளக்கில் நுழையாது. விசைகள் மல்லாட்டைப் பருப்பு, அதாவது வேர்க்கடலை அளவுக்கு இருந்தன. டைப்ரைட்டரில் பழகிய விரல் ஒன்றை அடித்தால் இரண்டு விழும். ஒரு மாசம் தினமும் காலையில் உட்கார்ந்து, மாஸ்டர் மாதிரி ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொண்டு பழகினேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை திரை. நான் வேலை செய்கிற மென்பொருளின் சட்டமே, அதாவது அது திறக்கிற விண்டோவே, அந்தத் திரையைவிட உயரம். அடிப்பகுதி திரைக்கு வெளியே கீழே தொங்கிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரைக் கேட்டால் எல்லாம் தெரிகிறது என்று சொல்லும். பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஒரு சின்னக் கட்டம் வந்து சரியா வேண்டாமா என்று கேட்கும். சரி என்கிற பொத்தான் திரைக்குக் கீழே இருக்கும். முதல் நாள் அதைப் பார்க்க முடியாமல் அழுகையே வந்துவிட்டது. பிறகு கண்டுபிடித்தேன். பார்க்காமலேயே அதன்மேல் போய் நின்று தட்டிவிடலாம். சட்டத்தையே மேலே இழுத்து அடிப்பகுதியைக் காட்டவும் ஒரு வழி இருந்தது. மூன்று விசையை வரிசையாகத் தட்டி, அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இழுத்தால் தெரியும், விட்டால் மறையும்.

முதல் வீட்டுக்குப் போனபோது பயம்தான். தேதி குறித்துவிட்டு அவருடைய கடைக்குப் போக இருந்தவர்கள். நான் முந்திக்கொண்டேன். கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் மடியில் சாமானைத் திறந்ததும் பாட்டனார் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இதுல அடிச்சா எழுத்தும் சின்னதாத்தான் வருமா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம் இருந்தது. பெரிதாகத்தான் வரும் என்று நான் மூன்று தடவை சத்தியம் பண்ணினேன். அப்போது கரண்ட் போனது. அந்த வருஷங்களில் தினமும் போகும். மின்விசிறி நின்றது, டிவி நின்றது, என் மடியில் இருந்தது நிற்கவில்லை. அந்த நேரத்தில் என் அக்கா வீட்டுக்காரர் கடையில் யுபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும், அவர் ஓடி ஓடி எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டு இருட்டில் உட்கார்ந்து, திரை வெளிச்சத்தில் அவர்கள் மாமன் பெயரைத் தட்டும்போது எனக்கு வயிறு குளிர்ந்தது.

அவர்கள் சண்டை போட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பாவை மேலே ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். இறக்கச் சொன்னார்கள், இறக்கினேன். என்னுடைய பயம் அங்கே குணமாகிவிட்டது. ஒவ்வொரு பெயரையும் நான் மூன்று தடவை கேட்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. "அவரு பொறுமையா கேக்கறாருப்பா" என்றார்கள். கிளம்பும்போது அந்தக் கோப்பை மூன்று பென்டிரைவில் ஏற்றி, ஒன்றைச் சட்டைப் பையிலும் ஒன்றை பேண்ட் பையிலும் ஒன்றை டிபன் டப்பாவிலும் வைத்துக்கொண்டேன். சாமானைப் புடவைக் கடைக் கவரில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அச்சுக்கு வேலூரில் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தேன்.

ஆறு மாசத்தில் வீடு தேடி வருகிற சின்ன டப்பாக்காரர் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. அவருடைய கடைக்குப் போகிற முகூர்த்தம் பாதியாகக் குறைந்தது என்று அக்காவே சொன்னாள். வருத்தமாகத்தான் சொன்னாள். நான் வருத்தப்படுகிற மாதிரி கேட்டுக்கொண்டேன். குரங்குகூட வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன சாமானை வைத்துக்கொண்டு உன் தம்பி ஊர் சுற்றுகிறான் என்று அவர் சொன்னாராம். குரங்கு விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். பிறகு யோசித்தேன். விசாரித்திருக்கிறார். என்னைப் பற்றி விசாரிக்கிற அளவுக்கு அவருக்கு எரிகிறது. அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

இந்தச் சமயத்தில் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கீழ்பென்னாத்தூர். பெண்ணுக்குப் பூ வைக்கிற அன்றைக்கு என்னைப் போனில் ஒரு வார்த்தை கூப்பிட்டார்கள், அதுவும் அக்காதான். நான் போகவில்லை. பத்திரிகையில் பெயர் வருமா வராதா என்று மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவையும் இடம் பத்தாமல் போனால் நான் ஊரில் தலைகாட்ட முடியாது. மஞ்சள் நீராட்டில் விட்டுப்போனதை மறந்தவர்கள்கூட ஞாபகப்படுத்திக்கொள்ளுவார்கள்.

ஒருநாள் காலையில் அக்கா போன் பண்ணினாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை போதும் என்கிறார்களாம். ஆனால் பெயர்ப் பட்டியலை அவர்கள் வீட்டில் வைத்து, பெரியவர்கள் முன்னால்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். "யாரோ சின்ன டப்பா வெச்சிக்கினு வீட்டுக்கே வர்றாராமே, அவரக் கூப்டுங்க" என்று சம்பந்தி என் அக்கா வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறார். அது பெண்ணின் மாமனான நான்தான் என்று சம்பந்திக்குத் தெரியாது. அக்கா வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். வர முடியுமா என்று கேட்டாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்ததும் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தேன்.

கீழ்பென்னாத்தூர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் சம்பந்தி எழுந்து, வாங்க என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். மல்லாட்டை விளைகிற வீடு. வேகவைத்த காயை ஒரு முறத்தில் கொட்டி நடுவில் வைத்தார்கள். எல்லோரும் உரித்துத் தின்றுகொண்டே என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள். தோல் மேலே விழுந்துகொண்டிருந்தது. நான் ஊதி ஊதித் தள்ளினேன். சம்பந்தி என் அக்கா வீட்டுக்காரரிடம், "உங்களுக்கு இவரத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். எங்கிட்ட வேல செஞ்ச பையன்தான்" என்றார்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. தட்டிக்கொண்டே போனேன். தாத்தா பாட்டி வந்தார்கள், பெரியப்பா சித்தப்பா வந்தார்கள், அத்தை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன்கள் மூன்று பேர், மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள், மூன்று பேரிடமும் எழுத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கினேன். பிறகு சம்பந்தி, "பொண்ணுக்குத் தாய்மாமன் யாருங்க?" என்று கேட்டார்.

அக்கா வீட்டுக்காரர் மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்க்கவில்லை. என் பெயரை முதலெழுத்தோடு, மற்ற தாய்மாமன்களைவிட ஒரு புள்ளிகூடக் குறையாத அளவில் தட்டினேன். தட்டி முடித்துவிட்டு, "நான்தாங்க" என்றேன்.

சம்பந்தி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஒரு பெரியவர், "வேல செஞ்ச பையன்னீங்க?" என்று மெல்லக் கேட்டார். அக்கா வீட்டுக்காரர் வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு தொழில்காரனாக மாறிவிட்டார். முதலாளிக் குரலில் என்னிடம், "அடியில என் கட பேரு போன் நம்பர் போட்டுடு. ராத்திரியே அச்சுக்குக் குடுத்துடறேன்" என்றார்.

கேட்டதும் எட்டு வருஷமும் வந்து கழுத்தில் உட்கார்ந்தது. அதுவரை பட்டியலைக் காட்டச் சட்டத்தை மேலே இழுத்து வைத்திருந்தேன். இப்போது விட்டேன். அடிப்பகுதி திரைக்குக் கீழே இறங்கி மறைந்தது. எல்லோர் கண்ணுக்கும் சாமி படமும் பெண் மாப்பிள்ளை பெயரும்தான் தெரிந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் பார்க்காமல் அடி வரிக்குப் போனேன். பார்க்காமல் என் கடைப் பெயரைத் தட்டினேன். என் போன் நம்பரைத் தட்டினேன். டைப்ரைட்டிங் மாஸ்டரை நினைத்துக்கொண்டேன்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் மாமா."

பென்டிரைவை என் கையிலிருந்து அவரே உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷம் அந்த ஊர் ஏரியைத் தாண்டுகிற வரைக்கும்தான் இருந்தது. பிறகு கவலை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து சட்டத்தை மேலே இழுத்துப் பார்த்தேன். கடைப் பெயர் சரியாக இருந்தது. போன் நம்பரில் ஒன்பது எண்தான் இருந்தது. கடைசி ஏழு இல்லை. ஏழைத் தட்டிப் பார்த்தேன், விழவில்லை. சாமானைக் கவிழ்த்துத் தட்டினேன். விசைக்கு அடியிலிருந்து மல்லாட்டைத் தோல் ஒன்று விழுந்தது. பிறகு ஏழு நன்றாக விழுந்தது.

அடுத்த நான்கு நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஓடிப்போய்த் திருத்தினால் நான் செய்தது வெளியே வந்துவிடும். திருத்தாவிட்டால், தப்பு நம்பரோடு என் பெயர் ஊரெல்லாம் போகும். எட்டாங்கிளாஸ் வேலையைப் பார் என்று அவர் சிரிப்பார். அவருடைய கடையில் அந்த வரியைப் பார்த்திருப்பார்கள், மாற்றியிருப்பார்கள் என்றும் தோன்றியது. அப்படியானால் பழியும் போயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் சும்மா இருந்ததால் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

பின்னால் கேள்விப்பட்டேன். அவர் பென்டிரைவைக் கடையில் கொடுத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் பட்டு எடுக்க ஆரணிக்குப் போய்விட்டார். கடையில் அச்சுக்கு எடுத்துக் கொடுக்கிறவர் அடி வரியைப் பார்த்தாராம். தாய்மாமன் கடைப் பெயர்தானே, குடும்பத்துக்குள் பேசி வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாராம். எண்ணூறு பத்திரிகை.

ஐந்தாம் நாள் காலையில் அக்கா கூப்பிட்டாள். உடனே வா என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. போனேன். கூடத்தில் பத்திரிகைக் கட்டுகள் அடுக்கியிருந்தன. சாமிக்கு வைத்துவிட்டு, எல்லாப் பத்திரிகைக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ உட்கார்ந்திருந்தார் அவர். பக்கத்துக் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கீழ் மூலைக்கு மஞ்சள் வைக்கும்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. முதல் இருபது முப்பது பத்திரிகையில் அந்த வரியின் மேலேயே கட்டைவிரலை இழுத்து மஞ்சளை அப்பியிருந்தார். மஞ்சளுக்கு மேலே கறுப்பு எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

திரும்ப அடிக்க நாள் இல்லை. மறுநாள் அழைக்கக் கிளம்புகிறார்கள். அவருடைய வாடிக்கை, அவருக்குக் காகிதம் கொடுக்கிறவர்கள், சுற்றுப்பட்டுப் பத்திரிகைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவரே தாம்பாளத்தில் வைத்து என் கடைப் பெயரை நீட்ட வேண்டும்.

அவர் ஒரு பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு மட்டும் எடம் இருந்துச்சா மச்சான்?"

"இருந்துச்சு மாமா" என்றேன். "அப்பவும் இருந்துச்சு."

அக்கா உள்ளே போய்விட்டாள். அவர் இன்னும் நாலைந்து பத்திரிகைக்கு மஞ்சள் வைத்தார், இந்தத் தடவை மூலையில் மட்டும். பிறகு, "நம்பர் தப்பு. கடசி ஏழ வுட்டுட்ட" என்றார்.

எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் எனக்குப் போன் பண்ணியதில்லை. என் நம்பரை அவர் எங்கேயும் பார்க்காமல், மனப்பாடமாக வைத்திருந்து சொன்னார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, அந்த இளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அதை உடனே உதறித் தள்ளினேன்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் பக்கம் உருட்டினார். தப்போடு ஒரு பத்திரிகையும் தன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்றார். அந்த ஆளுக்குத் தொழில் அப்படி. நான் எதிரே உட்கார்ந்தேன். அவர் மஞ்சள் வைத்துத் தள்ளுவார், நான் கடைசியில் ஒரு ஏழு போட்டு அடுக்குவேன். கறுப்பு அச்சுக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு ஏழு. ஒவ்வொன்றிலும் என் கடைப் பெயரை ஒரு தடவை படித்துக்கொண்டேன். அவரும் ஒவ்வொன்றிலும் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அவசரப்படாமல் எழுதினேன். மை காய ஊதினேன். சந்தேகம் வந்து சில கட்டுகளைப் பிரித்து இன்னொரு தடவையும் பார்த்தேன்.

பாதிக்கு மேல் போனதும் விரல் மரத்துப் போனது. கையை உதறினேன். அவர் மஞ்சள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு என் பக்கம் நீட்டினார்.

"பேனாவக் குடு. கொஞ்ச நேரம் நான் போடறேன்."

"வேணாம் மாமா" என்றேன். "நீங்க மஞ்சளப் பாருங்க."

கையை இழுத்துக்கொண்டு அடுத்த பத்திரிகையை எடுத்தார்.